தபாலில் போன காப்பு

வேப்பந்தட்டை
வைகாசி, 1983

அன்பு மகன் ராசாங்கத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தப்பா குடும்பமும் செவலைப் பசுவும் அம்மன் தயவில் நன்றாக இருக்கிறோம். அங்கே நீயும் வேம்புவும் என் பேத்தி கண்ணகியும் நலமா என்று கேட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன். இந்த முறை உன்னைக் கேட்கவில்லை, பனிமலையில் பதினாறாயிரம் அடி ஏறப்போகிறவனுடைய நலத்துக்கு என்ன குறைச்சல் இருக்கப்போகிறது. மற்ற இரண்டு பேரும் நலமா என்று மட்டும் எழுது.

உன் கடிதத்தை ஒன்றுக்கு இரண்டு தடவை படித்தேன். படித்து முடித்ததும், ஐந்தாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திய என் அப்பாவை முதல் முறையாக மன்னித்தேன். அதற்கு மேல் படித்திருந்தால் நானும் இந்நேரம் முதுகுப்பையில் செங்கல்லை அடுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருப்பேன். செங்கல் விஷயத்தை நீ எழுதவில்லை, நீ ஏன் எழுதுவாய். கடிதத்தின் ஓரத்தில் கண்ணகி எழுதியிருக்கிறாள், அப்பத்தா, அப்பா தினமும் காலையில் செங்கல் தூக்குகிறார், பக்கத்து வீட்டு மாமி சன்னலைத் திறந்து பார்க்கிறார் என்று. டேராடூனில் பிறந்து இந்தி பேசி வளர்கிற பிள்ளை இவ்வளவு குண்டு குண்டாகத் தமிழ் எழுதுகிறதே என்று தெரு முழுக்கக் காட்டினேன். கையெழுத்தைத்தான் காட்டினேன், என்ன எழுதியிருக்கிறாள் என்று யாரையும் படிக்க விடவில்லை, உன் மானமும் கொஞ்சம் மிஞ்சட்டும் என்று. செங்கல் தூக்கினால்தான் மலை ஏற முடியும் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் நம் ஊர் சூளையிலேயே உன்னை விட்டிருப்பேன், இத்தனை வருஷம் படிக்க வைத்திருக்க மாட்டேன்.

போகிற ஏற்பாட்டை வரிசையாக எழுதியிருந்தாய். முதலில் பஸ்ஸாம், அப்புறம் ஜீப்பாம், அப்புறம் நாள் கணக்கில் நடையாம். சாமான் சுமக்கக் கோவேறு கழுதையாம், அதற்காவது புத்தி இருக்கும் என்று நம்புகிறேன். ராத்திரி ஆளுக்கொரு பைக்குள் நுழைந்து கழுத்து வரை மூடிக்கொண்டு தூங்குவீர்களாம், இங்கே நெல்லும் கடலையும்தான் அப்படித் தூங்குகின்றன. மேலே போகப்போக மூச்சு முட்டும், தலை வலிக்கும், அதனால் கொஞ்சம் ஏறிவிட்டு ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்து உடம்பைப் பழக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். சும்மா உட்காருவதற்கு இவ்வளவு தூரம் போகிற ஆளை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். சரி, இத்தனை பாடுபட்டுப் போய்ச் சேர்ந்தால் அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்தால் ஒரு ஏரி. ஆனி மாதத்திலும் பாதி உறைந்து கிடக்குமாம். குளிக்க முடியாது, மாடு கழுவ முடியாது, மீன் கிடையாது, கீழே ஒரு காணி நிலத்துக்குப் பாயாது, பிறகு அதற்கு ஏரி என்று பெயர் வைத்தது யார். நம் ஊர் ஏரிக்கு மலை ஏற வேண்டாம், தண்ணீர்தான் இல்லை, போன வருஷமும் மழை ஏமாற்றிவிட்டது, நடுவில் ஆடு மேய்கிறது. அதையும் வந்து பார்க்கலாம், மூச்சு முட்டாது.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம் இந்த விஷயத்தில்தான். ஆனியில் நம் அம்மன் திருவிழாவுக்கு வா என்று மாசியிலேயே எழுதினேன். ஆபீஸில் லீவு தர மாட்டார்கள் அம்மா, சர்க்கார் வேலை, நீ புரிந்துகொள்ள வேண்டும் என்று பதில் போட்டாய். நானும் புரிந்துகொண்டேன், இங்கே கேட்டவர்களுக்கெல்லாம் புரியவும் வைத்தேன். இப்போது அதே சர்க்கார் அதே ஆனி மாதத்தில் ஏரி பார்க்க லீவு தந்திருக்கிறது. உன் சர்க்காருக்கு என்னைவிட ஏரி மேல் பிரியம் போலிருக்கிறது. சிறுவாச்சூர் காளியும் மலைக்குப் போகிறவள்தான், ஆனால் திங்களும் வெள்ளியும் தவறாமல் கீழே இறங்கி வந்து ஜனங்களுக்கு முகம் காட்டிவிடுகிறாள், அவளுக்கு லீவு யார் தருகிறார்களோ தெரியவில்லை.

இனி காப்பு விஷயத்துக்கு வருகிறேன். உன் சித்தப்பா உனக்குக் காப்பு அனுப்பியது சத்தியமாக எனக்குத் தெரியாது. உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் முடிந்து குங்குமம் தடவிக் கவருக்குள் வைத்துத் தபாலில் போட்டிருக்கிறார் மனிதர். உன் அப்பா போனதிலிருந்து நம் வீட்டுக் காப்பு கட்ட ஆள் இல்லை, வரிசையில் நம் வீட்டுப் பெயரைக் கூப்பிடும்போது யாரும் கை நீட்டுவதில்லை, பங்காளிகள் முன்னால் அவருக்குத் தலைகுனிவாக இருக்கிறதாம். அதற்காக அம்மன் காப்பை மணியார்டர் மாதிரி அனுப்பினவர் இந்த ஜில்லாவிலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். இங்கே அம்மனுக்குக் கட்டுகிற அன்று அங்கே நீ கட்டிக்கொள்ள வேண்டும் என்று துண்டுச் சீட்டும் வைத்தாராம். உன் பெண்சாதி கவர் வந்த சாயங்காலமே விளக்கேற்றி உன் கையில் கட்டிவிட்டாள். அம்மனுக்கே இன்னும் கட்டவில்லை, அவளுக்கு முன்னால் கட்டிக்கொண்டு நிற்கிற பக்தன் நீ ஒருவன்தான். கட்டிய கையோடு, காப்புக் கட்டியவர் திருவிழா முடிகிற வரை எல்லை தாண்டி ராத் தங்கக் கூடாது, இனி ஏரியாவது ஒன்றாவது என்று சொல்லிவிட்டாளாம், அம்மா நீயே தீர்ப்புச் சொல் என்று என்னிடம் வந்திருக்கிறாய். வேம்புவும் அடியில் இரண்டு வரி எழுதியிருக்கிறாள், அத்தை நீங்கள் சொன்னால் அவர் கேட்பார் என்று. செந்துறைக்காரி கெட்டிக்காரிதான். நான் சொல்லி நீ கேட்ட கதையை அவளுக்கு யார் சொன்னார்களோ.

தீர்ப்பு என்று கேட்டுவிட்டாய், அதனால் திருவிழாவுக்கு வரி பேச ஊர் கூடிய அன்று கோயிலடியில் இதை எடுத்துப் போட்டேன். வரியை விட்டுவிட்டு மத்தியானம் வரை இதைத்தான் பேசினார்கள். உன் சித்தப்பா சொன்னார், எல்லை என்றால் நம் ஊர் எல்லைக்கல், அவன் ஏற்கெனவே அதைத் தாண்டி எங்கோ இருக்கிறான், இனி எந்த மலைக்குப் போனால் என்ன என்று. பங்காளி செல்லதுரை விடவில்லை, கட்டின இடம்தான் எல்லை, டேராடூனை விட்டு அவன் நகரக் கூடாது என்றார். டேராடூனுக்கு எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டார், அதற்கும் பதில் சொல்ல ஆள் இருந்தது. கடைசியில் எல்லாருமாகச் சேர்ந்து முடித்தது இதுதான். கட்டியது நம் அம்மன் காப்பு, ஆகையால் ராசாங்கம் திருவிழாவுக்குள் ஊருக்கு வந்து எல்லைக்குள் இருக்க வேண்டும், வராவிட்டால் தெய்வக் குற்றம், இதை அவன் அம்மா எழுதட்டும் என்று.

மூன்று வருஷமாக நான் கேட்டது ஊர் வாயிலிருந்தே வந்துவிட்டது. தெய்வக் குற்றம் என்று ஒரு வரி எழுதினால் நீ ஏரியை விட்டுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ரயில் ஏறுவாய், அது எனக்குத் தெரியும், சின்னதிலிருந்தே நீ பயந்தவன். எழுதவும் உட்கார்ந்தேன். எழுதுவதற்கு முன்னால் உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். அதில் நீ, எட்டு வருஷமாக ஆபீஸில் தேசப்படம் வரைகிறேன், அந்த ஏரியை எத்தனையோ தடவை நீல மையில் ஒரு பொட்டாக வைத்திருக்கிறேன், அது எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்க்க வேண்டும் அம்மா, அவ்வளவுதான் என்று எழுதியிருந்தாய். அவ்வளவுதானாம். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தினமும் பல் விளக்கும்போது பச்சைமலையைப் பார்க்கிறேன், ஒரு நாளும் ஏறியதில்லை, ஏறேன் என்று யாரும் சொன்னதும் இல்லை. அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. பயந்து ஓடி வருகிற பிள்ளை வந்தும் என்ன பிரயோசனம், இலையில் சோற்றைப் போட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏரியைத்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

மறுநாள் காலையில் பூசாரி சாமிக்கண்ணு கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன், இந்த வருஷம் எங்கள் வீட்டுக் காப்பை என் கையில் கட்டு என்று. அவர் கூட்டுகிறதை நிறுத்திவிட்டார். அதற்குள் உன் சித்தப்பாவுக்கு யாரோ சொல்லித் துண்டைக்கூட உதறாமல் வந்து நின்றார். பொம்பளை கையில் வீட்டுக் காப்பா, நம் வம்சத்தில் உண்டா, பக்கத்து ஊர்க்காரன் கேட்டால் சிரிப்பான் என்று சத்தம் போட்டார். “பக்கத்து ஊருக்கும் சேதி தெரியணும்னா தபால்ல போட்டுடுங்க தம்பி, ஒங்களுக்குத்தான் பழக்கமாச்சே”ன்னேன். அப்புறம் அவர் என்னிடம் பேசவில்லை, பூசாரியிடம் பேசினார். இவர் அண்ணன் போன பிறகு அந்த வீட்டில் எல்லைக்குள்ளேயே கிடப்பது யார், நோன்பு இருப்பது யார், மாவிளக்கு போடுவது யார் என்று நானும் பூசாரியிடமே கேட்டேன். சாமிக்கண்ணு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு, “வூட்டுக்கு ஒரு கைன்னுதான் எங்கப்பன் சொல்லிக் குடுத்தாரு. ஆம்பளக் கைன்னு சொல்லல”ன்னார். சித்தப்பா துண்டை இப்போது உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கோபம்தான், ஆனால் சாயங்காலம் முருங்கைக்காய் கொடுத்தனுப்பினார்.

ஆகையால் திருவிழா முடிகிற வரை எல்லை தாண்டாமல் இருக்க வேண்டியவள் நான். உன் கையில் இருப்பது அம்மனுக்குக் கட்டும் முன்னே கட்டியது, காப்புக் கணக்கில் வராது, வெறும் மஞ்சள் கயிறுதான் என்று சாமிக்கண்ணு சொல்லிவிட்டார். ஆனால் கத்தரியை எடுத்து நீயாக வெட்டாதே. கட்டியவள்தான் அவிழ்க்க வேண்டும், அவிழ்த்துக் கால்படாத இடத்தில் ஒரு செடியடியில் போட வேண்டும். அவள் பக்தியில் மட்டும் அதைக் கட்டவில்லை, அது தெரியாத மாதிரி நீ நடிக்காதே. போன வருஷம் யாரோ ஒருவர் பனியில் போய்த் திரும்பவில்லை என்று அவள் முன்பு ஒரு கடிதத்தில் எனக்கு எழுதியிருந்தாள். உன் கூட வருகிற அந்த ஊர்க்காரர் நேகி, அவர்தானே வழி தெரிந்தவர், அவர் திரும்பு என்று சொன்னால் ஏரி கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் திரும்பி விடுவேன் என்று வேம்புவின் காது கேட்கச் சொல். மனதுக்குள் சொல்லாதே, வாய் திறந்து சொல், கண்ணகியும் பக்கத்தில் இருக்கட்டும், அவளுக்கு ஞாபகம் அதிகம். அதற்கப்புறம் வேம்பு அவிழ்த்தால் போ. அவிழ்க்காவிட்டால் உன் நீலப் பொட்டைப் பார்த்துக்கொண்டே ஆபீஸில் உட்கார். என் தீர்ப்பு இவ்வளவுதான்.

போவதாக இருந்தால் கேள். நல்லெண்ணெயைக் காய்ச்சி இரண்டு பாதத்திலும் விரல் இடுக்கிலும் தினமும் தேய். புது பூட்ஸை அங்கே போய்ப் போடாதே, இப்போதே போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறு, மாமிதான் பார்த்துப் பழகிவிட்டாரே. புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் வறுத்த கடலையும் பார்சலில் அனுப்புகிறேன், சாக்லேட்டைத் தின்று மலை ஏறுகிறேன் என்று இன்னொரு தடவை எனக்கு எழுதாதே. தலை வலித்தால் வலிக்கிறது என்று சொல், திருச்சி மலைக்கோட்டையில் பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டு சட்டையில் எறும்பு என்று கதை சொன்ன மாதிரி அங்கேயும் சொல்லாதே. முன்னால் போகிறவனை முந்தாதே, அங்கே பரிசு கொடுக்க யாரும் நிற்கவில்லை. திரும்பி வந்ததும் முதல் வேலையாகத் தந்தி அடி, ஆனால் அதில் ‘நலம்’ என்ற சொல்லை முதலில் வை, தந்தி என்றாலே இங்கே பாதிப் பேர் பிரிக்கும் முன்பே அழ ஆரம்பித்துவிடுகிறார்கள்.

உனக்கும் வேம்புவுக்கும் அம்மன் துணை இருக்கட்டும். என் பேத்தி கண்ணகிக்கு ஆயிரம் முத்தம், அடுத்த முறை ஓரத்தில் எழுத வேண்டாம், தனிக் காகிதத்தில் எழுதச் சொல். ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிடாதே. நம் வீட்டுக் காப்பு இனி என் கையில்தான், கை இருக்கிற வரை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை. அதனால் காப்புக்காக, ஊருக்காக, பங்காளிக்காக என்று நீ இனி லீவு கேட்க வேண்டியதில்லை. எப்போதாவது அம்மாவைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்று தோன்றினால் அதற்கு ஒரு லீவு கேட்டுப் பார், தருகிறார்களா என்று.

இப்படிக்கு
உன் அம்மா
ரெங்கம்மாள்