கூழுக்கு அவர்கள் வைத்த பெயர்

ஆடி மாதம், இரண்டாம் வெள்ளி, இரவு.

பேத்தி கமலா தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

விடியற்காலையில் அம்மனுக்குப் படைத்த கேழ்வரகுக் கூழை, சிநேகிதிகளுக்கும் கொடுக்கட்டும் என்று அவளிடம் தூக்குச்சட்டி நிறையக் கொடுத்தனுப்பினேன். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் வகுப்பிலேயே முதலாக வருகிறவள். அவள் பாட்டியின் கைப்பக்குவமும் தெரியட்டுமே என்ற பெருமை எனக்கு. சட்டி அப்படியே திரும்பி வந்தது.

"ஏண்டி, யாருக்கும் குடுக்கலையா?"

"மூடியைத் திறந்ததும் 'கூ'ன்னு சொல்லிச் சிரிச்சாளுங்க பாட்டி."

"அப்படின்னா?"

"கொழகொழன்னு கையில ஒட்டுற அசிங்கம். பசை, சேறு, எல்லாத்துக்கும் அந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தைதான்."

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று டீச்சரிடமும் போய்க் கேட்டாளாம். வெள்ளைக்கார மாலுமிகள் கப்பலில் குடிக்கும் கஞ்சிக்கு 'பர்கூ' என்று பெயராம். அதிலிருந்து வந்திருக்கலாம், நிச்சயமில்லை என்றாராம்.

எனக்கு உயிர் வந்தது. "பார்த்தியா! அதுவும் அவங்க கஞ்சிதான். போய் அவளுங்ககிட்ட சொல்லுடி!"

"அது டீச்சருக்குத் தெரியும் பாட்டி. சிரிச்சவளுங்களுக்குத் தெரியாதே."

கொஞ்ச நேரத்தில் அவளே அடுப்படியில் உட்கார்ந்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சட்டியோடு குடித்தாள். உதட்டின்மேல் ஒட்டியதைத் துடைக்கப் போனேன். அதற்குள் நாக்கால் நக்கிக்கொண்டாள்.

படுக்கும்போது, "திங்கக்கிழமை சோறு கட்டிக் குடு பாட்டி" என்றாள்.

கட்டிக் கொடுக்கிறேன். அடுத்த வெள்ளிக்கும் சோறுதான். கூழை மூடி வைக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து குடிக்கட்டும்.