கீரைக்கு எதுக்கு வைட்டமின், மச்சான்?

போன பிறகும் முன்வரிசையை விட்டுக்கொடுக்காத என் அன்பு மச்சானுக்கு,

நேற்று உங்கள் மருமகள் கவிதா (என் மகள்தான், இதையும் நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது) ஆராய்ச்சிப் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் பேசினாள். திரையில் பெரிதாக ஒரு பச்சை இலை வந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டிவிட்டேன். அதுதான் முதல் படமாம். மொத்த அறையும் என்னைத் திரும்பிப் பார்த்தது. உங்கள் தங்கச்சி கிள்ளிய இடம் இன்னும் கன்றிப்போய்க் கிடக்கிறது.

இலைக்குள்ளே பசுங்கணிகம் என்று கண்ணுக்குத் தெரியாத பச்சை அறைகள் இருக்கின்றன. வைட்டமின் கே அங்கே எப்படி உருவாகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதைத் தயார் செய்கின்றனவாம். ஒரு நொதி முதலில் அதற்கு எலக்ட்ரானை ஏற்றிக் கொடுத்தால்தான், கடைசி நொதி தன் பங்குத் துண்டை அதில் ஒட்ட முடியுமாம்.

பத்தாவதோடு நின்ற எனக்கு இது புரிந்த கதையைக் கேளுங்கள். போன மாதம் சாப்பிடும்போது சொன்னாள். எனக்கு நம்ம மோட்டார் வைண்டிங் கடை ஞாபகம் வந்தது. "செம்புக் கம்பி மேல இருக்கற பூச்சை ஒருத்தன் சுரண்டி உட்டாத்தான் அடுத்தவன் ஈயம் வெக்க முடியும். அந்த மாதிரியா கண்ணு?" என்றேன்.

"அட, அதேதானுங்கப்பா!" என்று குதித்தாள்.

அன்றிலிருந்து காத்திருந்தேன் மச்சான். மேடையில் அதைச் சொல்வாள், "எங்கப்பா சொன்னாருங்க" என்பாள் என்று. புதுச் சட்டைகூட அதற்காகத்தான்.

சொன்னாளா? தேர்வாளர், இந்த ஆசை எப்படி வந்தது என்று கேட்டார். "எங்க மாமனாலதானுங்க சார்" என்றாள்.

இதயத்தில் வால்வு மாற்றிய பிறகு, ரத்தம் உறையாமல் இருக்க நீங்கள் மாத்திரை சாப்பிட்டீர்கள். கீரையில் இருக்கிற வைட்டமின் கே அதற்கு எதிராக வேலை செய்யும், தினமும் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள் என்றார் டாக்டர். தட்டைப் பார்த்துக்கொண்டே, அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்த கவிதாவிடம் கேட்டீர்களே: "ஏன் அம்மணி, ரத்தம் உறையறதுக்கு நமக்கு இது வேணும், சரி. கீரைக்கு எதுக்கு? அதென்ன, அடிபட்டா ரத்தமா ஊத்துது?"

அதற்கு நான் சொன்னதையும் அங்கே சொல்லிவிட்டாள்: "பேசாம சாப்பிடுங்க மச்சான், சோறு ஆறுது." அறையே சிரித்தது. என் பங்குக்கு வந்த ஒரே வசனம் அதுதான்.

வெயில் பட்டதும் இலைக்குள் கிளம்பும் எலக்ட்ரானைக் கைமாற்றிவிடத்தானாம் அந்த வைட்டமின். பதில் வந்துவிட்டது. இதைக் கேட்க நீங்கள் இருந்திருக்கக் கூடாதா?

காது குத்தியபோது உங்கள் மடி. சடங்குக்கு உங்கள் சீர்ப் புடவை. தாய்மாமன் உரிமை என்று ஒதுங்கி நின்றேன். ஆராய்ச்சியிலுமா? உயிரோடு இருந்தால் சண்டையாவது பிடிக்கலாம். படமாகத் தொங்குகிற ஆளை எப்படி ஜெயிப்பது?

ஒரு வாக்குத் தருகிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கீரைக் கேள்வியை உங்கள் பெயரிலேயே சொல்வேன். வயிற்றெரிச்சலோடுதான் சொல்வேன், அதை மட்டும் கண்டுகொள்ளாதீர்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கவிதா கேட்டாள்: "ஏனுங்கப்பா, மாமா இருந்திருந்தா இன்னைக்கு என்ன சொல்லியிருப்பாருங்க?"

"பூரிச்சுப் போயிருப்பாரு கண்ணு" என்றேன்.

'அப்பன் பக்கத்திலேயேதானே உட்கார்ந்திருக்கிறேன், என்னைக் கேளேன்' என்று மட்டும் சொல்லவில்லை.

உங்கள் தங்கச்சி வீட்டுக்காரன்