தறப்பாள் கொட்டிலில் உங்கள் மகள்

ராத்தா,

இன்று விளையாட்டுப் போட்டிக்காகத் திடலில் நிழலுக்குப் பிளாஸ்டிக் தறப்பாள் கட்டியிருந்தார்கள். வெயிலில் அது சூடேறி வாடை எழுந்ததும் மற்ற ஆசிரியைகள் மூக்கைச் சுளித்துக்கொண்டு விலகினார்கள். நான் உங்களை நினைத்தபடி அதற்கடியிலேயே நின்றேன். நீங்கள் மௌத்தாகி, எங்களை விட்டுப்போய் இரண்டு நோன்பு மாதங்கள் கழிந்துவிட்டன.

சுனாமியில் கடல் வந்து நம்முடைய கரைப் பள்ளிக்கூடத்தை அள்ளிக்கொண்டு போனபின், டவுனிலுள்ள பெரிய பாடசாலையின் திடலோரத்தில் நமக்குத் தறப்பாள் கொட்டில்கள் தந்தார்கள். நீங்கள் அங்கே மூத்த டீச்சர்; நான் அப்போதுதான் நியமனம் கிடைத்து வந்திருந்தேன். கடை வைத்திருந்தவர்களும் உத்தியோகம் பார்த்தவர்களும் ஆளைப் பிடித்துத் தங்கள் பிள்ளைகளைப் பெரிய பாடசாலைக்கே மாற்றிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் தோணியும் வலையும் பறிகொடுத்த வீட்டுப் பிள்ளைகள். உம்மாமார் பலர் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். பிள்ளைகள் இன்னும் குறைந்தால் பள்ளிக்கூடத்தையே மூடிவிடுவார்கள் என்ற கதையும் வந்தது.

அந்த நேரம்தான் உங்கள் மகளுக்குப் பெரிய பாடசாலையில் இடம் கிடைத்தது. மச்சான் தன் மகளுக்காக அலைந்து எடுத்த இடம். நீங்களோ மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நம்முடைய கொட்டிலுக்குள் வந்தீர்கள், ஐந்தாம் வகுப்புக்கு.

"என்ன ராத்தா, மகள்ட படிப்பு என்னாகிற?" என்று கேட்டுவிட்டேன்.

"நம்மட பிள்ளைக்குப் போதாத பள்ளிக்கூடம் மத்தவங்கட பிள்ளைக்கு மட்டும் எப்படிக் காணும்?"

மச்சான் பல நாள் உங்களோடு கதைக்கவில்லை.

மகளுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை, தாய் வெளிநாட்டில் என்பதால் சின்னத் தம்பியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவாள். ஒருநாள் வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். "உம்மா, அவள் ராவும் ஒண்டும் தின்னல்லயாம்" என்று உங்கள் மகள்தான் சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆண்கள் வெளியே வரும்போது பள்ளிவாசல் கேட்டடியில் நின்றீர்கள். "படிப்பிக்கிறத நாங்க பார்க்கிறம். பசிய நீங்க பாருங்க." அடுத்த கிழமையிலிருந்து காலையில் பள்ளிவாசலிலிருந்து பெரிய கிடாரம் நிறையக் கஞ்சி வந்தது. முதல் பாடத்தில் தூங்கி விழுந்த பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

ஆனாலும் அந்த வருடம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் நம் கொட்டிலிலிருந்து ஒருவரும் சித்தியடையவில்லை. உங்கள் மகளும்தான். "டீச்சர்ட பிடிவாதத்தால பிள்ளைட வாழ்க்கை போச்சி" என்று ஊர் கதைத்தது. மறுநாளும் நீங்கள் நேரத்துக்கே வந்து கரும்பலகையைத் துடைத்தீர்கள். அழுத கண்தான்.

யுத்தம் முடிந்த வருடம் நமக்கு மாடிக் கட்டடம் வந்தது. அப்போது நீங்கள் அதிபர். விட்டுப்போனவர்கள் காரில் வந்து இடம் கேட்டார்கள். நறுக்கென்று ஏதாவது சொல்லப்போகிறீர்கள் என்று காத்திருந்தேன்.

"ஓம், எடுக்கிறன்" என்றீர்கள். "ஆனா உள்ளவங்கட பிள்ளை, இல்லாதவங்கட பிள்ளை எண்டு பிரிச்சி இருத்த மாட்டன்."

உங்கள் மகள் இப்போது ஒலுவில் பல்கலைக்கழகக் கெம்பஸில் படிக்கிறாள். உங்களுக்கு அது தெரியாமல் போனதுதான் என் குறை.

என் மகனுக்கு இந்த வருடம் முதலாம் வகுப்பு. வீட்டில் எல்லாரும் பெரிய பாடசாலை என்றார்கள். நான் அவனை நம்முடைய பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவந்தேன். வகுப்பில் இருத்திவிட்டுத் திரும்பும்போது, அவனைத் திருப்பிக் கூட்டிப்போய்விடலாமா என்று தோன்றியது ராத்தா. உங்களுக்கும் அன்று இப்படித்தான் தோன்றியிருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. நானும் திரும்பிப் பார்க்காமல் என் வகுப்புக்குப் போய்ப் பாடத்தைத் தொடங்கினேன்.