வில்லை எங்கே மாட்டுவது

ஜூலை 19, சனி

ஊருக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் நான்கு மைல். முதுகுப்பையில் நாற்பது பவுண்டு உப்பு மூட்டை, வில் எப்போதும்போல இடது கையில். இரண்டாவது மைலில் கட்டைவிரலின் அடி வலிக்க ஆரம்பித்தது. மூன்றாவதில் விரல்கள் மரத்துப்போயின. நான்காவதில் வலது கைக்கு மாற்றினேன். அந்தக் கைக்கு வில் தூக்கிப் பழக்கமில்லை. முழங்காலில் மூன்று தடவை இடித்துக்கொண்டேன்.

இறங்கி வந்ததும் இருபது கஜத்தில் ஐந்து அம்பு விட்டேன். ஆளுக்கொரு திசையில் போய் நின்றன. அரை மணி நேரம் கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி ஐந்து. ஐந்தும் ஒரு காப்பிக் கோப்பையின் வாய்க்குள் அடங்கும். ஆக, எய்வதில் கோளாறு இல்லை. சுமப்பதில்தான்.

நவம்பர் பதிமூன்று அறுவை சிகிச்சை. கட்டைவிரல் மூட்டிலிருந்து ஒரு எலும்பையே எடுத்துவிடப் போகிறார்கள். "அதுக்கப்புறம் வில் பிடிக்கலாமா?" என்று டாக்டரிடம் கேட்டேன். "ஸ்பூன் பிடிக்கலாம்" என்றார். நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை.

ஆகவே இந்த ஒரு செப்டம்பர்தான் பாக்கி. அந்த மலைப்பகுதியில் எல்க் மான் வேட்டைக்குப் பன்னிரண்டு வருஷமாக எழுதிப் போட்டு, இந்த வருஷம்தான் குலுக்கலில் அனுமதிச் சீட்டு விழுந்தது, ஒரு சீட்டுக்கு ஒரு எல்க். வண்டி நிற்கும் இடத்திலிருந்து கூடாரம் போடும் இடம் ஒன்பது மைல். இந்தக் கையில் வில்லைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் போனால், போய்ச் சேர்ந்த பிறகு எய்ய முடியாது. வேறு வழி கண்டுபிடிக்க வேண்டும்.

ஜூலை 27, ஞாயிறு

பள்ளிப் பேருந்துப் பட்டறையில் கழித்துப்போட்ட சீட் பெல்ட் ஒன்றை எடுத்துவந்தேன். என் மனைவி நெட்ரா அதில் தோள்வார் தைத்துக் கொடுத்தாள். "முப்பது வருஷமா பஸ்ஸு ரிப்பேர் பண்ற, ஒரு வார் தைக்கத் தெரியல" என்று கூலியையும் அப்போதே வசூலித்துக்கொண்டாள்.

அரை மைல்கூடத் தாங்கவில்லை. தோளில் ஏற்கனவே பையின் பட்டை உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் இன்னொரு வார் நிற்க மாட்டேன் என்கிறது. பத்தடிக்கு ஒரு தடவை வழுக்கி இறங்குகிறது, இறங்கும்போதெல்லாம் வில் தொடையில் அறைகிறது.

"தையல் நல்லாத்தான் இருக்கு. தோள்லதான் இடமில்ல" என்றேன்.

"தையலைக் குறை சொல்லாத வரைக்கும் சரி" என்றாள்.

ஆகஸ்ட் 2, சனி

லமார் வந்தான். நெட்ராவின் தம்பி. இருபத்திரண்டு செப்டம்பர்களாக என்னோடு மலைக்கு வருகிறவன். சேர்ந்து எழுதிப் போட்டதால் அவனுக்கும் சீட்டு விழுந்திருக்கிறது. வில்லைப் பையின் முதுகில் குறுக்கே வைத்து இரண்டு பட்டையால் கட்டியிருந்தேன். சுற்றிவந்து பார்த்தான்.

"என்ன மச்சான், சந்தைக்கு விக்கக் கொண்டுபோற மாதிரி கட்டி வெச்சிருக்க?"

"கை சும்மா இருக்குது பாரு. வலியே இல்ல."

"எல்க் எதிர்ல வந்து நின்னா? 'ஐயா, ஒரு நிமிஷம், பையை இறக்கிக்கறேன்'னு சொல்லுவியா?"

போனை எடுத்து நேரம் பார்த்தான். பையை இறக்கி, இரண்டு பக்கிளையும் கழற்றி, வில்லை எடுத்து, அம்பைப் பூட்ட நாற்பத்தொரு வினாடி. இன்னொரு தடவை செய்யச் சொன்னான். நாற்பத்து நான்கு. அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மரக்கிளைக்கு அடியில் குனிந்து போனாலும் வில்லின் மேல்முனை சிக்குகிறது. பாரம் வேறு பின்னால் இழுக்கிறது. சுகமாகவும் இருக்க வேண்டும், கைக்கும் எட்ட வேண்டும். ஒன்று கிடைத்தால் மற்றொன்று போய்விடுகிறது.

ஆகஸ்ட் 9, சனி

இடுப்புப் பட்டையில் மாட்டும் கொக்கி வாங்கினேன். வில் முன்பக்கம் தொங்கும், பாரம் முழுக்க இடுப்பில். சமதரையில் சொர்க்கம். மேட்டில் ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் இடிக்கிறது. சமதரையில் எல்க் எங்கே இருக்கிறது?

கடையில் திருப்பிக் கொடுத்தேன். "அளவு சரியில்லைங்களா?" என்றாள் கல்லாவில் இருந்த பெண்.

"மலை சரியில்லம்மா."

ஆகஸ்ட் 16, சனி

கிடைத்துவிட்டது.

பையின் இடது பக்கம் தண்ணீர் பாட்டில் வைக்கும் பாக்கெட்டில் வில்லின் கீழ்முனையில் இருக்கும் கப்பிச் சக்கரம் இறங்கி உட்காருகிறது. நடுவில் ஒரே ஒரு பட்டை. அதன் பக்கிள் என் இடது அக்குளுக்குக் கீழே, வலது கை எட்டும் இடத்தில். பையை இறக்காமலே வில்லை உருவலாம். ஏழு வினாடி. ஆறு மைல் நடந்து, கழற்றி, முப்பது கஜத்தில் மூன்று அம்பு விட்டேன். மூன்றும் ஒன்றோடொன்று உரசி நின்றன.

நடக்கும்போது வில் கொஞ்சம் ஆடியது. பட்டையை இன்னும் ஒரு இழுப்பு இழுத்து இறுக்கினேன், நின்றுவிட்டது. ரொம்ப நாளுக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தேன், எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 23, சனி

ஒன்பது மைல். வலி இல்லை. லமாருக்கு போன் செய்தேன். "அப்ப முதல் எல்க் உனக்கு மச்சான். நீ முன்னாடி நில்லு, நான் பின்னாடி இருந்து எல்க்கைக் கூப்பிடறேன்" என்றான்.

செப்டம்பர் 12, வெள்ளி

கூடாரம் போட்டாயிற்று. வழியில் மூன்று மைலுக்குப் பழைய காட்டுத்தீயில் எரிந்து விழுந்த மரங்கள். தாண்டி, தவழ்ந்து, மறுபடி தாண்டி. லமார் வில்லைக் கையில் வைத்துக்கொண்டு திண்டாடினான். எனக்கு இரண்டு கையும் சும்மா. அவனுக்கு ஒரு கை கொடுக்கக்கூட முடிந்தது.

"ரொம்பப் பீத்திக்காத" என்றான்.

செப்டம்பர் 13, சனி

காப்பிக்கு முன்னால் ஆளுக்கொரு அம்பு, உளுத்த கட்டை ஒன்றில். வில் வழியில் எங்காவது இடிபட்டுக் குறி மாறியிருக்கிறதா என்று பார்க்க. லமார் இதை வில்லுக்குப் பல் விளக்குவது என்பான். இரண்டு பேருக்கும் சரியாக இருந்தது. பகலில் தூரத்தில் இரண்டு எல்க் கூவின. காற்று எங்கள் முதுகிலிருந்து வீசியது, வாடை போய்விடும் என்று கிட்டே போகவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

மழை. நான்கு மணிக்கு விட்டது. கூடாரத்தைக் கழற்றி அடுத்த மலைமுகட்டுக்கு மாறினோம். மறுபடி விழுந்த மரங்கள், இப்போது ஈரத்தோடு. இரண்டு தடவை வழுக்கி இடது பக்கமாகவே உட்கார்ந்தேன். அடி ஒன்றும் இல்லை. வில் ஆடக்கூடாது என்று பட்டையை நன்றாக இறுக்கியிருந்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

வரிசையாக எழுதுகிறேன்.

விடியும்போதே கூவல். கூடாரத்திலிருந்து முந்நூறு கஜம்கூட இருக்காது. லமார் பூட்ஸ் கயிற்றைக் கட்டாமலே எழுந்தான். நான் வில்லை எடுத்தேன். காப்பி இல்லை. அம்பு விட்டுப் பார்க்கவும் இல்லை. கட்டையில் அம்பு குத்தும் சத்தத்துக்கு அது ஓடிவிடும் என்று இருவருமே நினைத்தோம். லமார் என்னைப் பார்த்தான், நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். தலையாட்டியது நான்.

அவன் எண்பது கஜம் பின்தங்கி, மரங்களுக்கு அந்தப் பக்கமிருந்து பெண் எல்க் மாதிரி கூப்பிட்டான். ஆண் இறங்கி வந்தது. ஆறு கிளைக் கொம்பு, கழுத்தெல்லாம் சேறு. முப்பத்து நான்கு கஜத்தில் பக்கவாட்டில் நின்றது. கை வலிக்கவில்லை, நடுங்கவும் இல்லை. வில்லில் குறிபார்க்கும் ஊசியை நுரையீரல் இருக்கும் இடத்துக்கு நேராக வைத்து அம்பை விட்டேன். அம்பு முதுகின் மேல்விளிம்பில் போய்த் தைத்தது.

என் கண்ணால் பார்த்தேன். ஒரு சாண் மேலே.

முந்நூறு கஜம் வரை ரத்தம். அப்புறம் சொட்டுச் சொட்டாக. அப்புறம் ஒன்றுமில்லை. இருட்டும் வரை தேடினோம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

தேடினோம். அம்பின் பின்பாதி கிடைத்தது. அதில் கொழுப்பு, கொஞ்சம் ரோமம்.

செப்டம்பர் 17, புதன்

மத்தியானம் வரை தேடல். ஓடைகளை முழுக்கப் பார்த்தாயிற்று. காக்கையோ கழுகோ எங்கும் வட்டமிடவில்லை.

திரும்பி வந்து கட்டையில் ஒரு அம்பு விட்டேன். ஒரு சாண் மேலே. இன்னொன்று விட்டேன். அதே இடம். வில்லை மடியில் போட்டுப் பார்த்தேன். குறிபார்க்கும் ஊசிகளின் சட்டம் ஒரு அரிசி அளவு கீழே இறங்கியிருக்கிறது; ஊசி இறங்கினால் அம்பு மேலே போகும். பட்டை அதன் மேல்தான் குறுக்கே ஓடுகிறது. நான் இறுக்கி இறுக்கிக் கட்டியதும், அந்தப் பக்கமாக விழுந்ததும் சேர்ந்து அழுத்தியிருக்கின்றன. பட்டையை நான்கு விரல் தள்ளிப் போட்டிருந்தால் போதும். காப்பிக்கு முன் ஒரு அம்பு விட்டிருந்தாலும் போதும். பட்டறையில் வேறொருவன் இப்படி ஒரு வேலை செய்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன்.

ஊசியைச் சரிசெய்து மூன்று அம்பு விட்டேன். மூன்றும் குறியில். அப்புறம் எல்க் அடித்தாயிற்று என்று வெட்டிவிட, சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தேன்.

லமாருக்குப் புரிந்துவிட்டது. "மச்சான், வேண்டாம். காயம்பட்டு ஓடினதுக்கெல்லாம் சீட்டை வெட்டணும்னு சட்டம் ஒண்ணும் சொல்லல."

"தெரியும்."

"முதுகுச் சதையிலதான் பட்டிருக்கு. அது பொழச்சுக்கும். நீ அடிச்சதை நான் பார்க்கவே இல்ல. இன்னும் நாலு நாள் இருக்கு."

ஏழு வருஷம் முன்பு வேறொரு மலையில் அவன் ஒரு பெண் எல்க்கைக் காயப்படுத்தி இழந்தான். ரத்தம் சிந்தினால் அதுதான் உன் மிருகம், சீட்டு முடிந்தது என்று சொல்லி, அவன் கையில் கத்தியைக் கொடுத்தவன் நான். மறு பேச்சுப் பேசாமல் சீட்டை வெட்டினான். அதை அவன் இன்று ஞாபகப்படுத்தவில்லை. நான்தான் சொன்னேன்.

"அது வேற, ஆரின்" என்றான். மச்சான் என்று சொல்லவில்லை. "எனக்கு அன்னிக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணு இருந்துச்சு. உனக்கு இல்லியே."

வெட்டாமல் விடலாமா என்று நினைத்தேனா? நினைத்தேன். ஒரு நிமிஷம் இல்லை, ரெண்டு நாளா அதையேதான நெனச்சுக்கிட்டிருக்கேன். தேடும்போதே, குனிஞ்சு ரத்தம் பார்க்கும்போதே, இன்னும் நாலு நாள் இருக்கு, நாலு நாள் இருக்குன்னு —

வெட்டினேன். அடித்த மாதத்தையும் தேதியையும் சீட்டில் முக்கோணமாக வெட்டி எடுக்க வேண்டும். செப்டம்பர். பதினைந்து. இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது, வலித்தது.

செப்டம்பர் 18, வியாழன்

வில்லைக் கூடாரத்தில் வைத்துவிட்டு லமாருக்காக எல்க்கைக் கூப்பிடப் போனேன். பையில் தண்ணீரும் ரொட்டியும் மட்டும். பட்டை இல்லை, பக்கிள் இல்லை, எதுவும் ஆடவில்லை, எதுவும் இடிக்கவில்லை. இந்த மலையில் இவ்வளவு சுகமாக நான் நடந்ததே இல்லை. நாள் முழுவதும் எரிச்சலாக இருந்தது. மத்தியானம் லமார் சலாமி இறைச்சித் துண்டை நீட்டினான், வேண்டாம் என்று கடித்துவிட்டேன், அவனை. பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

செப்டம்பர் 20, சனி

காலை எட்டு மணி. லமார் முன்னால், நான் நூறு கஜம் பின்னால் ஊசியிலை மரம் ஒன்றில் சாய்ந்து நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஆண் பதில் சொன்னது. நேராக லமாரிடம் போக வேண்டியது, காற்றில் மோப்பம் பிடிக்க வளைத்துச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தது. அன்று அடித்ததைவிடப் பெரியது. முதுகில் காயம் இல்லை, அது வேறு.

மூச்சு விடுவது கேட்டது. முகத்தைத் திருப்பி, விலா முழுவதையும் காட்டிக்கொண்டு நின்றது. என் இடது கை தானாக உயர்ந்துவிட்டது, பிடிக்க ஒன்றுமில்லாமல். கையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, அவசரப்படாமல் போயிற்று.

லமார் வந்தான். குளம்புத்தடத்திலிருந்து என் கால் வரைக்கும் அடி வைத்து எண்ணினான்.

"பதினாறு" என்றான்.

"இருக்கும்."

அப்புறம் என்னால் முடியவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன், ஐம்பத்தெட்டு வயதில், காலை எட்டரை மணிக்கு. லமார் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, எதிர்மலையில் ஏதோ தெரிகிற மாதிரி தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தான். நான் முடிக்கும் வரை திரும்பவில்லை. பிறகு இருவரும் ஓடையில் இறங்கித் தண்ணீர் பிடித்தோம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இறங்கினோம். லமாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

நவம்பர் 20, வியாழன்

கையில் கட்டுப் போட்டிருக்கிறது. வேட்டைத் துறைக்கு வருஷாந்தர அறிக்கை அனுப்ப வேண்டும், தாமதித்தால் கடிதம் வரும். நெட்ரா கணினியைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். வலது கையால் தட்டினேன்.

எல்க் கிடைத்ததா? ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். இல்லை.

வேட்டையாடிய நாட்கள் எத்தனை? மூன்று.

நெட்ரா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பத்து நாள் வீட்டை விட்டுப் போயிட்டு மூணுன்னு போடற?"

"பதிமூணு, பதினாலு, பதினஞ்சு. அதோட சீட்டு முடிஞ்சுது" என்றேன்.

"சரி, அனுப்பு" என்றாள். அனுப்பினேன்.