தாழ்ந்து வரும் வள்ளம்

அல்பெர்கேரியா,
பலெர்மோ.

அன்பான துசானியின் அப்பாவுக்கு,

மடு மாதாவின் தயவால் நானும் மகளும் சுகம். பேசாலையில் நீங்களும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். போனில் சொன்னால் நடுவில் சிரித்துக் கெடுத்துவிடுவீர்கள், அதுதான் எழுதுகிறேன்.

இதற்குள் ஒரு படம் வைத்திருக்கிறேன். அலையில்லாத கடலில் ஒரு பாய்மர வள்ளம். ஜப்பான்காரர் பலகையில் செதுக்கி அச்செடுத்தது. இதன் அசல் நான் வேலை செய்யும் வீட்டில், சிக்னோரா அம்மாவின் விறாந்தையில் தொங்குகிறது.

போன ஞாயிறு சிக்னோராவின் தம்பி மகன், பெரிய படிப்புக்காரர், விருந்தினருக்கு இந்தப் படத்தை விளக்கினார். விடியலில் மீன்பிடிக்கப் புறப்படும் வள்ளமாம். நான் கோப்பிக் கோப்பைகளோடு நிற்கிறேன். என் வேலை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. அதைப் புதுப்பித்தால்தான் உங்களைக் கூப்பிட விண்ணப்பம் போடலாம். எல்லாம் தெரிந்தும், கடற்கரையில் வளர்ந்த என் வாய் சும்மா இருந்ததா? இது போற வள்ளமில்லை, வாற வள்ளம் என்று சொல்லிவிட்டேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. தூசி தட்டுவதோடு நில் என்றார். இப்படிப்பட்டவளை இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று சிக்னோராவிடமும் கேட்டார். கோப்பைகளை மேசையில் வைத்தேன். ஆனாலும் சொன்னேன்:

"வெறும் வள்ளம் இவ்வளவு தாழாது, சிக்னோரா. பாருங்கோ, தண்ணிக்கு மேலே ஒரு சாண் பலகைதான் தெரியுது. உள்ளுக்கை மீன் கிடக்குது."

சிக்னோரா எழுந்து படத்தருகே போனா. படத்தின் ஓரத்து எழுத்தைப் போனில் பிடித்து, ஜப்பானியச் சிநேகிதி ஒருத்திக்கு அனுப்பினா. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை பதில் வந்தது: படத்தின் பெயர் 'திரும்பி வரும் பாய்.'

அன்றே சிக்னோரா என் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டா. இந்த ஞாயிறு அதே விருந்தினர் முன்னால் அந்தப் படிப்புக்காரர் என்னைக் கதிரையில் இருத்தி, தன் கையால் கோப்பி ஊற்றித் தந்தார். சீனி போட்டேனோ தெரியாது, அப்படி இனித்தது. தவளை தன் வாயால் கெடும் என்று என்னைப் பகிடி பண்ணுவீர்களே, இந்தத் தவளை வாயால்தான் பிழைத்தது!

உங்களுக்கான விண்ணப்பம் நேற்றுப் போட்டாயிற்று.

போன மாதம், "வெறுங்கையோடை அங்கை வந்து உன்ரை உழைப்பிலையோ சாப்பிடுறது" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் போனை வைத்தேன். இதுதான் பதில். எது வெறும் வள்ளம், எது நிறைந்த வள்ளம் என்று எனக்குத் தூரத்திலேயே தெரியும். படிப்புக்காரரே ஒப்புக்கொண்டுவிட்டார், நீங்கள் இனி மறுகதை கதைக்க வேண்டாம். வாங்கோ.

மாதா உங்களை எங்கள் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
புனிதமலர்