டிக்கிச் சொக் இரண்டும் அப்பாவின் கண்ணும்

புதுக்குடியிருப்பு
12.03.2000

அன்பு மகள் ஆன்சலாவுக்கு,

மாதாவின் காவலில் நாங்கள் இருவரும் இருக்கிறோம், நீயும் மருமகனும் அந்தக் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க ஒவ்வொரு பின்னேரமும் செபமாலை சொல்கிறேன். சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், எழுத வரவில்லை. இரண்டு கடிதமாக அப்பாவின் எழுத்தைக் காணவில்லையே, என்மேல் கோபமோ என்று கேட்டிருந்தாய். கோபமில்லை பிள்ளை. உனக்குச் சொல்லக்கூடாது என்று எனக்கு அப்பாவின் கட்டளை, ஆனால் இனியும் மறைத்தால் நான் மனுசியில்லை.

நமது வான் வண்டியின் பின்கதவைத் தூக்கினால் விழாமல் தாங்கிப் பிடிக்கிற இரண்டு தண்டுகள், டிக்கிச் சொக் என்பார்களே, அவை கார்த்திகையோடு செத்துப்போயின. மீன்பெட்டி ஏற்றும்போது ஒரு தடியை முண்டுகொடுத்துச் சமாளித்தோம். பிறகொரு நாள் வயிற்றுக்குத்தோடு துடித்த பக்கத்து வீட்டு இராசமலர் அக்காவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றும்போது தடி வழுக்கி, கதவு அவா நெற்றியில் விழுந்து மூன்று தையல். அன்றிலிருந்து அப்பாவுக்கு நித்திரை இல்லை. புதுச் சொக்குக்கு இங்கே எங்கே போவது? பொருளாதாரத் தடை வந்து பத்து வருடமாக எதையும் எறியாமல் உயிர்கொடுத்தே பழகிவிட்டோம், வான் மண்ணெண்ணெயில் ஓடுகிறது, செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து றேடியோ கேட்கிறோம். அந்தப் பழக்கத்தில் இவர் சொக்கிலும் ஒரு துளை போட்டு, சைக்கிள் வால்வு வைத்துக் காற்றடிக்க வெளிக்கிட்டார். கராச் வைத்திருக்கும் சின்னராசா, அண்ணை அதுக்குள்ள காஸ் இறுக்கி அடைச்சிருக்கு, துளைக்காதேங்கோ என்று கெஞ்சினான். செத்தது சீறுமோடா என்று இவர் சிரித்தார். துளை விழுந்ததும் எண்ணெயும் இரும்புத்தூளும் சீறி வந்து வலது கண்ணில் அடித்தது. இடது கண்ணில் முன்பே வெள்ளை படர்ந்திருந்தது உனக்குத் தெரியும்தானே.

வவுனியாவுக்குக் கொண்டுபோய் கண் டொக்டரிடம் சுணங்காமல் காட்டுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கண்ணும் போய்விடும் என்று இங்குள்ள டொக்டர் சொல்லிப் பத்துக் கிழமை. அப்பாவோ, வவுனியா போற பாஸுக்கு நாள்கணக்காய் ஆர் நிக்கிறது, தன்பாட்டில மாறும் என்கிறார். நேற்று வானை எடுத்துப் படலையை இடித்து விழுத்திவிட்டு, படலை கட்டின இடம் பிழையாம். நாளைக்கு யாராவது நோயாளி என்று வந்து கூப்பிட்டால் ஓம் என்று ஏறிவிடுவார். அதை நினைத்து நினைத்து எனக்குக் குசினிக்கும் வாசலுக்கும் நடைதான், உலையில் அரிசி போட்டேனா என்று இரண்டு தரம் திறந்து பார்க்கிறேன். தன் கண்ணுக்காக ஒரு அடி நகராத மனுசன் சொக்குக்காகக் கடலும் தாண்டுவார். ஆனபடியால் நீ இப்படிச் செய். சொக் இரண்டையும் வாங்கி மஹ்றூப் நானாவுக்கு அனுப்பு. முல்லைத்தீவில் நமக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்து, தொண்ணூறில் ஊரைவிட்டுப் போய் இப்போது வவுனியாவில் இருக்கிறாரே, அவர்தான். அப்பா நேரில் வந்தால் மட்டும் கொடுக்கச் சொல்லு. கால் வைத்த உடனே கையைப் பிடித்துக் கண் டொக்டரிடம் இழுத்துப் போகும்படி நானாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவை. அப்பாவுக்கு எழுதும் கடிதத்தில் கண்ணைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், அளவு சரியோ என்று பார்க்க நீங்கள்தான் போகவேண்டும் என்று மட்டும் எழுது. நீ எழுதாமலே அப்படி எழுதியிருப்பதாக நானே வாசித்துக் காட்டலாம், ஆனால் பொய் வாசித்தால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

இதை எழுதும்போது அப்பா பக்கத்தில் கதிரை போட்டிருந்து அளவு சொல்கிறார். நீளம் இருபத்தொரு இஞ்ச், எழுதினியோ, இரண்டு நுனியிலும் உருண்டைக் குழி இருக்கவேணும், எழுதினியோ என்று கேட்கிறார். ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டு நான் இதை எழுதுகிறேன். முன்பென்றால் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து என் எழுத்துப்பிழையைப் பிடித்துச் சிரிப்பார். இப்போதும் எட்டித்தான் பார்க்கிறார் பிள்ளை, ஒரு பிழையும் பிடிக்கிறாரில்லை.

வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் பொத்தி வைத்திருக்கட்டும். இது உன் கையில் கிடைக்கவே ஒரு மாதம் ஆகும், கண்டதும் பிந்தாதே, அதை மட்டும் மறக்காதே. மகளுக்குத் தானும் கையெழுத்து வைக்கவேண்டும் என்று அப்பா பேனையைக் கேட்டு வாங்கினார். இடம் காட்டட்டோ என்றேன், வேண்டாமாம். மேலே என் வரிகளுக்கு நடுவில் குறுக்காகக் கிடப்பதுதான் அவருடைய கையெழுத்து.

உன் அம்மா,
ம. புனிதமலர்