காலை பத்து மணிக்கு மஃரிப்

மெர்கோங், 6 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இல்லை, அத்தா பட்டினி கிடக்கவில்லை. அடுத்த வீட்டுக் காஞ்சனா அக்கா உங்களிடம் சொன்னது பாதிதான். இப்போது அத்தாவுக்கு எல்லா நாளும் ரமலான். காலையில் தோசையைக் கொண்டுபோய் வைத்தால், "நோன்பாளி முன்னாடி தட்டைக் கொண்டாந்து வைக்கிறியே, வெக்கமா இல்ல?" என்கிறார். சர்க்கரை மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது. அதனால் பத்து மணிக்கு எல்லாத் திரைகளையும் இழுத்து விடுகிறேன். விளக்கைப் போடுகிறேன். ஃபோனில் பாங்கு வைக்கிறேன். மாலை மஃரிப் வந்துவிட்டது என்று நம்புகிறார். பேரீச்சம்பழத்தை எடுத்து, துஆ ஓதி, நோன்பு திறக்கிறார். முகத்தில் அப்படியொரு நிறைவு. "நீயும் தொற புள்ள, பசிச்சிருப்ப" என்று எனக்கும் ஒரு பழம்.

வாங்கித் தின்கிறேன்.

ஃபோனில் உங்களோடு பேச முடியாததும் இதனால்தான். நான் ஃபோனைத் தொட்டாலே பாங்கு என்று நினைத்துத் தொழத் தொப்பியைத் தேடுகிறார். ஆகவே மின்னஞ்சல்.

பினாங்குப் பல்கலைக்கழகத்திலிருந்து மறுபடி எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே தள்ளிப் போட்டது போதும், அக்டோபரில் நேரில் வந்து பதியாவிட்டால் ஆய்வுக்கான இடம் இல்லை. அம்மா மவுத்தாகி அடக்கம் செய்த அன்று நீங்கள்தான் சொன்னீர்கள், அத்தாவை முதல் வருடம் நீ பார், பிறகு நான் என்று. நான் நினைவூட்ட மட்டும் செய்கிறேன்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் சலாம்.

ரஹீமா

*

ஷா ஆலம், 8 ஜூலை 2025

அன்புத் தங்கை ரஹீமாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். பாங்கு என்ன விளையாட்டுச் சாமானா? பள்ளிவாசலில் முதல் வரிசையை விடாத மனிதர். அவரைக் காலை பத்து மணிக்கு ஏமாற்றுகிறாய். நினைவு போனாலும் மனிதருக்கு மரியாதை இருக்கிறது. பொறுமையாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார். மாதக் கடைசியில் நானே வருகிறேன்.

அக்டோபர் பற்றி நேரில் பேசலாம். உன் அண்ணிக்கும் வேலை இருக்கிறது. மாடி வீடு வேறு. தப்பாக நினைக்காதே.

ஷஃபிக்

*

மெர்கோங், 10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாகப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. இங்கே நடந்ததை எழுதுகிறேன்.

சாப்பாட்டு மேசையில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னது: "அத்தா, இது நோன்பு மாசம் இல்ல. இவ ஃபோன்ல பாங்கு போட்டு உங்களை ஏமாத்துறா." எவ்வளவு மென்மையாகச் சொன்னீர்கள். அவரும் தலையாட்டினார். அன்று மாலை கிளம்பிவிட்டீர்கள்.

மறுநாள் நீங்கள் வந்ததே அவருக்கு நினைவில்லை. நோன்பு மாதம் இல்லை என்பதும் நினைவில்லை. யாரோ தன் நோன்பை முறித்துவிட்டார்கள் என்பது மட்டும் தங்கிவிட்டது. அது நான் என்பதும்.

பேரீச்சம்பழத்தைத் துப்பினார். "இவ கொடுக்கிறதைத் தின்னு எத்தனை நோன்பு போச்சோ. எல்லாத்தையும் களா வைக்கணும்." விட்ட நோன்பை ஈடுசெய்கிறாராம். பாங்கு கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறார். உண்மையான மஃரிபுக்கும் கதவைப் பூட்டிக்கொண்டார். தண்ணீர்கூட இல்லை. குளியலறை வாசலில் சரிந்து விழுந்து, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பயமுறுத்தக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லவில்லை.

அவரை அழைத்து வந்த அன்று வீட்டுப் பக்கம் திரும்ப எனக்கு மனம் வரவில்லை. நெடுஞ்சாலையில் ஏறினேன். எங்கே என்று தெரியாது. குருண் அருகில் கேட்டார்.

"எங்கம்மா போறோம்?"

"பயணம், அத்தா."

"எப்பக் கெளம்புனோம்?"

"சுபுஹுக்கு முன்னாடி, விடியறதுக்குள்ள."

"அப்ப நிப்பாட்டு. பயணம் போற முசாஃபிருக்கு நோன்பை விட அனுமதி இருக்கு. இதுகூடத் தெரியாம என்னத்தப் படிச்ச?"

சாலையோரக் கடையில் சோறும் மீன் கறியும் சாப்பிட்டார். "இந்தக் கறியை நம்ம சாப்பாட்டுக் கடையில வச்சா திங்க வந்தவன் தட்டைத் தூக்கி என் தலையில கவுத்திருப்பான்லா" என்றார். கடைக்காரர் சிரித்தார். நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். சந்தோஷம்தான்.

இப்போது தினமும் கார். குருண், சில நாள் சுங்கைப் பட்டாணி. சாப்பிடுகிறார், திரும்புகிறோம். காருக்குள் நான் அவர் மகள், ஓட்டத் தெரிந்த மகள். வாசலில் இறங்கியதும் நோன்பை முறிக்க வந்தவள். போன சாலையிலேயே போய் வருகிறேன். ஒவ்வொரு பெயர்ப்பலகையும் பாடமாகிவிட்டது. பினாங்குக்குப் பிரியும் பலகை வருமுன் திரும்பிவிடுகிறேன்.

அக்டோபர் பற்றி நேரில் பேசலாம் என்றீர்கள். பேசவில்லை.

ரஹீமா

*

ஷா ஆலம், 2 செப்டம்பர் 2025

அன்புத் தங்கை ரஹீமாவுக்கு,

உடனே எழுத முடியவில்லை. நான் சொன்னதால் இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

ஆனால் யோசித்துப் பார். நீ ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாய். உனக்குத்தான் அவரைத் தெரியும். இந்த நிலையில் இடத்தை மாற்றினால் தாங்கமாட்டார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். படிப்பு எங்கே ஓடிப்போகிறது? டிசம்பர் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு வருகிறேன். உன் கூலி மறுமையில்.

ஷஃபிக்

*

தாப்பா நெடுஞ்சாலை ஓய்விடம், 5 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இன்று ஞாயிறு, வீட்டில்தான் இருப்பீர்கள். மதியத்துக்குள் அங்கே வந்துவிடுவோம்.

இடத்தை மாற்றினால் தாங்கமாட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பல நாள் நினைத்துப் பார்த்தேன். அவர் தாங்காத இடம் ஒன்றுதான், மெர்கோங் வீடு. அங்கே அவர் நோன்பாளி. உங்கள் வீட்டில் அவர் என்றும் முசாஃபிர். எப்போது ஊருக்குத் திரும்புவோம் என்று கேட்பார். பயணத்தில் இருக்கிறோம் அத்தா, நாளைக்குப் போகலாம் என்று சொல்லுங்கள். சாப்பிடுவார். வேறெந்த உண்மையையும் சொல்லாதீர்கள். கீழ் அறையைக் காலி செய்துவையுங்கள், படி ஏற முடியாது.

எப்போது கிளம்பினோம் என்று இன்றும் கேட்டார். சுபுஹுக்கு முன்னாடி என்றேன். இன்று அது பொய்யில்லை. இருட்டில், மருந்துப் பையோடும் அவர் உடுத்தும் சாரங்களோடும்.

பினாங்கு பலகை வந்தது. தாண்டி வந்துவிட்டேன். நாளை காலை அங்கே பதிய வேண்டும், உங்கள் வாசலிலிருந்து நேராகத் திரும்பி ஓட்டினால் இரவுக்குள் போய்விடலாம். நீங்கள் கோபப்படுவீர்கள். அண்ணி என்னோடு பேசமாட்டார். அத்தா என்னை ஒரு வாரத்தில் மறந்துவிடுவார், அதற்குள்ளும் மறக்கலாம். எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன்.

எதிரே உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார். "யாருக்கும்மா எழுதுற?" என்றார். அண்ணனுக்கு என்றேன். "அவனையும் வரச் சொல்லு, ஆள் இருந்தா பயணம் அலுக்காது" என்றார்.

சொல்லிவிட்டேன்.

ரஹீமா

பி.கு.: இதை அனுப்பிவிட்டு, அத்தாவைக் கைகழுவ அழைத்துப் போகிறேன்.